நிலாக் குடியிருப்பில் ஒரு மர்மம்

பிள்ளைகளின் புத்தக அலமாரி

துப்பறியும் கதை என்றாலே பெற்றோர் பலர் முகம் சுளிக்கிறார்கள். திருட்டும் கொலையும் நிரம்பிய ஏடுகளைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் மர்மக் கதை என்னும் வகையையே வீட்டுக்குள் விடமாட்டேன் என்பது, கத்தி கையை அறுத்துவிடும் என்று அஞ்சிக் காய் நறுக்காமல் இருப்பதைப் போன்றது. நல்ல மர்மக் கதை பிள்ளைகளுக்கு ஓர் ஒழுங்கைக் கற்றுத் தருகிறது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் வேறு பிரிக்க வேண்டும். சான்று கைக்கு வரும்வரை எவர் பெயரையும் வாயால் உச்சரிக்கக் கூடாது என்பதே அந்த ஒழுங்கு.

அத்தகைய கதைகளுக்கு மிகப் பொருத்தமான களம் ஒன்று உண்டு. அது நம் தெருவிலோ ஊரிலோ இல்லை. நிலவில் இருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டூவர்ட் கிப்ஸ் சிறுவர்களுக்காக எழுதிய 'ஸ்பேஸ் கேஸ்' என்னும் நாவல் 2014இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக 2016இலும் 2018இலும் மேலும் இரு நூல்கள் வந்தன. கதை நடப்பது 2041ஆம் ஆண்டில். நிலவில் மனிதர்கள் அமைத்த முதல் குடியிருப்பு. அங்கே பெற்றோருடன் வந்து வாழும் டாஷ் கிப்சன் என்னும் 12 வயதுச் சிறுவனே கதாநாயகன். ஹவாய்த் தீவின் கடற்கரையில் ஓடி விளையாடியவன், சன்னல் திறக்க முடியாத ஒரு கூட்டுக்குள் வந்து சேர்கிறான். உலர வைத்த உணவு, நெருக்கமான அறைகள், திரும்பிய பக்கமெல்லாம் அதே முகங்கள். ஒரு நாள் குடியிருப்பின் மருத்துவர், விண்வெளி உடையைச் சரியாக அணியாமல் வெளியே சென்று இறந்துவிடுகிறார். விபத்து என்று முடித்துவிட நினைக்கிறார் தலைமைப் பொறுப்பில் இருப்பவர். சிறுவனோ தான் கேட்ட சில சொற்களை வைத்து, அது விபத்தாக இருக்க முடியாது என்று எண்ணுகிறான். அதன்பின் நடப்பதைச் சொல்லிப் படிப்பவரின் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை. மரணம் இடம்பெறும் கதை என்பதால் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் முதலில் படித்துப் பார்த்துக் கொடுப்பது நல்லது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஓட இடமில்லாத ஊர்

மர்மக் கதை எழுதுவோர் விரும்பித் தேடுவது பூட்டிய அறையை. வெளியாள் எவரும் உள்ளே வந்திருக்க முடியாது. உள்ளே இருப்பவரும் வெளியேறியிருக்க முடியாது என்னும் நிலைமையில்தான் மூளைக்கு வேலை. நிலவுக் குடியிருப்பு முழுவதுமே அப்படிப்பட்ட பூட்டிய அறை. வெளியே மூச்சுவிடக் காற்று இல்லை. நடுக்கோட்டுப் பகுதியில் நண்பகல் வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ். இரவிலோ சுழியத்துக்குக் கீழே 130 டிகிரி வரை இறங்கும். 2023 ஆகஸ்டு 23 அன்று தென்துருவப் பகுதியை அடுத்து இறங்கிய நமது சந்திரயான்-3, மண்ணுக்குள் வெப்பமானியைச் செலுத்தியது. மேற்பரப்பு சுட்டுக்கொண்டிருக்க, வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் சுழியத்துக்குக் கீழே சுமார் 10 டிகிரி என்று அது காட்டிற்று. மண்ணே அங்கு நல்ல போர்வை என்பது இதனால் விளங்கும். ஆகவேதான் நிலவில் வீடு கட்ட நினைப்பவர்கள் தரைக்கு மேலே கோபுரம் எழுப்ப நினைப்பதில்லை. மண்ணுக்கு அடியிலோ குகையிலோ ஒதுங்க நினைக்கிறார்கள். 'அமைதிக் கடல்' என்று பெயர் பெற்ற சமவெளியில் சுமார் 100 மீட்டர் அகலமுள்ள பெரும் குழி ஒன்று உண்டு. அதன் நிழலான பகுதியில் வெப்பம் எப்போதும் 17 டிகிரி அளவிலேயே இருக்கும் என்று 2022இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. உதகமண்டலத்துக் காலைப்பொழுது போன்ற குளுமை அது.

அத்தகைய குகையில் இருபது இருபத்தைந்து பேர் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் காணாமற்போனால் எடுத்தவர் அந்த இருபத்தைந்து பேரில் ஒருவர்தான். அவரோடுதான் மறுநாளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும். அவர் இயக்கும் பொறியிலிருந்து வரும் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். ஊரில் ஒருவர் மீது வீண்பழி விழுந்தால் அவர் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். நிலவில் அந்த வழியும் இல்லை.

பொய் சொல்லாத சாட்சிகள்

மனிதன் பொய் சொல்லலாம், இயற்கை சொல்லாது. நிலவின் இயற்கையை அறிந்த பிள்ளைக்கு அங்குள்ள ஒவ்வொரு கல்லும் சாட்சியாகும்.

முதலாவது, காலடித் தடம். 1969 முதல் 1972 வரை 12 மனிதர்கள் நிலவில் நடந்தார்கள். காற்றும் மழையும் இல்லாததால் அவர்கள் நடந்த தடங்கள் அழியவில்லை. நிலவைச் சுற்றி வரும் அமெரிக்க ஆய்வுக்கலம் எடுத்து 2011இல் வெளியான படங்களில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வீரர்கள் நடந்த ஒற்றையடிப் பாதைகள் கோடுகளாகத் தெரிந்தன. நம் ஊரில் ஒரு மழைக்கு அழியும் தடயம் அங்கே தலைமுறை தலைமுறையாக நிற்கும்.

இரண்டாவது, தூசு. ஓடையில் உருண்டு மழுங்காத, காற்றில் தேயாத மண்துகள் கண்ணாடித் தூள் போல் கூர்மையாக இருக்கும். உடையில் ஒட்டினால் எளிதில் போகாது. வீடு திரும்பியதும் வெடிமருந்து எரிந்தாற்போன்ற வாடை வீசியதாக விண்வெளி வீரர்கள் சொன்னார்கள். 1972இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட் என்னும் புவியியல் அறிஞருக்கு அந்தத் தூசினால் மூக்கடைப்பே உண்டாயிற்று. வெளியே போகவே இல்லை என்று ஒருவர் சாதித்தாலும் அவருடைய உடையின் மடிப்பு உண்மையைச் சொல்லிவிடும். நிலவின் மேட்டு நிலத்து மண்ணை ஒத்த பாறை நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கிறது. சந்திரயான் கலங்களைச் சோதித்துப் பார்க்க அதைப் பொடியாக்கித்தான் பயன்படுத்தினார்கள்.

மூன்றாவது, எடை. நிலவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு. 48 கிலோ எடையுள்ள சிறுவன் அங்கே 8 கிலோ தூக்கும் உணர்வோடு துள்ளுவான். 1971 ஆகஸ்டில் டேவிட் ஸ்காட் என்னும் வீரர் ஒரு சுத்தியலையும் ஒரு பறவையின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட, இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. ஐசக் அசிமோவ் எழுதி 1955இல் வெளியான 'தி சிங்கிங் பெல்' என்னும் சிறுகதையில், நிலவுக்கே போகவில்லை என்று மறுப்பவனின் கைத்தசைப் பழக்கமே அவனுக்கு எதிர்ச்சாட்சியாகிறது.

நான்காவது, நேரம். நிலவின் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் இருபத்தொன்பதரை நாள். பிறை கண்டு மாதம் எண்ணும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. 29 அல்லது 30 என்று நாம் காத்திருக்கும் மாதம் முழுவதும் நிலவுக்கு ஒரே ஒரு நாள். ஆகவே அங்கு நிழல் அசைவதே தெரியாது. இங்கே ஒரு மணிக்கு 15 பாகை நகரும் சூரியன், அங்கே அரைப் பாகைதான் நகரும். 'நிழல் நீண்டதைக் கண்டு நேரம் அறிந்தேன்' என்று அங்கே எவரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. அங்கிருந்து பார்த்தால் பூமிக்கும் வளர்பிறை தேய்பிறை உண்டு. ஆனால் நமக்கு நேர்மாறாக. நாம் மேற்கு வானில் தலைப்பிறையைத் தேடும் மாலையில் அங்கிருப்போருக்குப் பூமி ஏறக்குறைய முழுவட்டமாக ஒளிவீசும். பிறையின் இருண்ட பகுதி மங்கலாகத் தெரிவதைப் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். அது பூமியின் ஒளி அங்கே பட்டுத் திரும்புவதால் தெரிவது.

வீட்டில் சொல்ல ஒரு கதை

இந்தச் சாட்சிகளைக் கொண்டு நீங்களே ஒரு கதை புனையலாம். இரவு உணவுக்குப் பின் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துச் சொல்லுங்கள். மாதிரிக்கு ஒன்று தருகிறேன்.

அமைதிக் கடலின் குகையில் 24 பேர் வாழும் குடியிருப்பு. அங்கே நாற்று வளர்க்கும் அறை ஒன்று. ஒரு நாள் காலையில் அதன் கதவு இறுக மூடாமல் இருக்கக் கண்டார்கள். இரவெல்லாம் காற்று சிறிது சிறிதாகக் கசிந்து, குளிர் புகுந்து நாற்றுகள் வாடிவிட்டன. நான்கு மாதங்களின் உழைப்பு வீணாயிற்று. அந்த அறைப் பக்கம் இரவில் நடமாட உரிமை பெற்றவர் மூவரே: ஒரு பொறியாளர், ஒரு மருத்துவர், அண்மையில் பூமியிலிருந்து வந்த ஒரு சிறுவன். சிறுவன் முரட்டுக் குணமுடையவன், எவரோடும் ஒட்டாதவன். எல்லாருடைய பார்வையும் அவன் பக்கமே திரும்பிற்று.

மூவரும் சொன்னது இது.

பொறியாளர் சொன்னார்: "காவல் நேரத்தில் நான் வெளியே நின்றிருந்தேன். கிழக்குக் குன்றின் மேல் பூமி எழுந்து வரும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

மருத்துவர் சொன்னார்: "பூமியிலிருக்கும் என் தாயாருடன் பேசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்து காத்திருந்து சலித்துப் போனேன்."

சிறுவன் சொன்னான்: "பாறை ஆய்வாளருடன் வெளியே பேசிக்கொண்டிருந்தேன். ரேடியோவை அணைத்துவிட்டோம். நான் ஊர் நினைவில் அழுததை எவரும் கேட்கக் கூடாது என்று அவர்தாம் அணைக்கச் சொன்னார்."

கூடியிருந்தோர் சிரித்தார்கள். காற்றே இல்லாத இடத்தில் ரேடியோ இல்லாமல் பேசினானாம்! ஆய்வாளரைக் கேட்கலாம் என்றாலோ, அவர் விடியுமுன் வண்டியேறிக் குன்றுக்கு அப்பால் சென்றுவிட்டார். நிலவு சிறியது, நிற்பவர் கண்ணுக்கு அடிவானம் இரண்டரைக் கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதைத் தாண்டியவருக்கு அன்று ரேடியோவும் எட்டவில்லை. சிறுவனைத் தனியறையில் அடைத்து வைக்கலாம் என்றார் ஒருவர்.

அங்கே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கதையை இந்த இடத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகளைப் பேச விடுங்கள். "வாப்பா, காற்று இல்லாத இடத்தில் அவன் எப்படிப் பேசியிருப்பான்?" என்று கேட்டால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். அவர்களது கையில் மேசையின் ஒரு முனையைத் தட்டச் சொல்லி, மறு முனையில் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒலிக்குக் காற்றுதான் வேண்டும் என்பதில்லை. கெட்டியான எந்தப் பொருளும் போதும். இரண்டு தலைக்கவசங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்துப் பேசினால் ரேடியோ இல்லாமலே கேட்கும். சிறுமி பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வெளியே சென்றாள். எவரும் நடமாடாத ஒரு பாறையின் பின்புறம் இரு சோடித் தடங்கள் நேருக்கு நேராக, நுனியோடு நுனி ஒட்டினாற்போல் பதிந்திருந்தன. ஒன்று பெரியது, மற்றொன்று சிறியது. சிறுவன் சொன்னது உண்மை.

மருத்துவர் சொன்னதும் உண்மையே. பூமிக்கும் நிலவுக்கும் இடையே ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர். ரேடியோ அலை ஒரு வழி செல்ல ஒன்றேகால் வினாடிக்குச் சற்று அதிகமாகும். கேட்டுப் பதில் பெற இரண்டரை வினாடி. உடனுக்குடன் பதில் வந்தது என்று அவர் சொல்லியிருந்தால்தான் ஐயுற வேண்டும்.

பொறியாளர் சொன்னதே பொய். நிலவு எப்போதும் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டுகிறது. ஆகவே அமைதிக் கடலில் நிற்பவருக்குப் பூமி வானத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். சிறிது அசையுமே ஒழிய, அங்கே அது எழுவதும் இல்லை, மறைவதும் இல்லை. 1968 டிசம்பரில் அப்போலோ 8 கலத்திலிருந்து எடுத்த பூமி உதிக்கும் புகழ்பெற்ற படத்தைப் பிள்ளைகள் காட்டி வாதிடலாம். அந்தக் கலம் நிலவைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. அதனால் உதித்தது போல் தெரிந்தது என்று விளக்குங்கள்.

அப்படியானால் குற்றவாளி பொறியாளரா? பிள்ளைகள் அனைவரும் ஒரே குரலில் ஆம் என்பார்கள். இங்கேதான் நீங்கள் பொறுமை காட்ட வேண்டும். அவர் பொய் சொன்னார் என்பது மட்டுமே மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. கதவைத் திறந்தார் என்பதற்கு என்ன சான்று? சிறுமி அவரைத் தனியே கண்டு மெல்லக் கேட்டாள். காவல் நேரத்தில் தாம் அயர்ந்து உறங்கிவிட்டதாகவும், வெட்கத்தால் பொய் சொன்னதாகவும் அவர் கண்கலங்கினார். பிறகு இருவரும் சேர்ந்து கதவைச் சோதித்தார்கள். விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையில் சாம்பல் நிறத் தூசு அப்பியிருந்தது. பல நாளாக அராவி அராவி அது பட்டையைக் கீறியிருந்தது. கதவை எவரும் திறந்து வைக்கவில்லை. நிலவின் மண்ணே அதை மூடவிடாமல் செய்திருந்தது.

இது வெறும் கற்பனையும் அன்று. அப்போலோ வீரர்கள் பாறைகளை அடைத்து வந்த பெட்டிகள் சில, விளிம்பில் தூசு படிந்ததால் காற்றுப் புகாதபடி இறுக மூடவில்லை.

உண்மையாகவே நடந்தது

நிலவில் இன்னும் குடியிருப்பு இல்லை. ஆனால் விண்வெளியில் சிறு குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கே மெய்யான மர்மம் ஒன்றும் நடந்தது. பூமியைச் சுற்றி வரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2018 ஆகஸ்டு மாத இறுதியில் காற்றழுத்தம் மெல்லக் குறையத் தொடங்கிற்று. அப்போது அங்கே அறுவர் இருந்தனர். ஒவ்வொரு பகுதியாக மூடிச் சோதித்ததில், நிலையத்தோடு இணைந்திருந்த ரஷ்ய சோயூஸ் கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஓட்டை தென்பட்டது. பசையிட்டு அடைத்தார்கள். ஆபத்து நீங்கிற்று. ஆனால் அது துளைக்கருவியால் இட்ட ஓட்டை போல் காணப்பட்டது. இட்டவர் யார்?

இட்ட இடம் பூமியிலுள்ள தொழிற்கூடமா, விண்வெளியா என்ற கேள்வி எழுந்தவுடனே விரல்கள் நீளத் தொடங்கின. 2021இல் பெயர் வெளியிடாத ஓர் அதிகாரியின் சொல்லை வைத்து, அங்கிருந்த அமெரிக்க வீராங்கனை மீதே பழிசுமத்தி ரஷ்யச் செய்தி நிறுவனம் ஒன்று எழுதிற்று. அமெரிக்க விண்வெளி நிறுவனம் அதை வெளிப்படையாக மறுத்தது. பசையால் ஒரே நாளில் அடைபட்ட ஓட்டை அது. அதைச் சுற்றி எழுந்த ஐயமோ ஆண்டுக்கணக்கில் அடைபடவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2020இல் அதே நிலையத்தில் நடந்தது. வேறொரு பகுதியில் காற்று கசிந்தது; இடம் புலப்படவில்லை. ரஷ்ய வீரர்கள் ஒரு தேயிலைப் பையைப் பிரித்துத் துகள்களை மிதக்கவிட்டு, அந்த அறையைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது துகள்கள் விரிசலின் பக்கமாக நகர்ந்திருந்தன. எவர் மீதும் ஐயமில்லை. எவர் மனமும் புண்படவில்லை. ஒரு சிட்டிகைத் தேயிலை உண்மையைக் காட்டிக் கொடுத்தது.

பெற்றோர்களே! நம் வீடும் ஒரு சிறு குடியிருப்புத்தான். அலமாரியில் வைத்த பணம் குறைகிறது. பீங்கான் தட்டு உடைந்து கிடக்கிறது. பள்ளியில் ஒருவனுடைய பேனா காணாமற்போகிறது. உடனே நம் வாயில் ஒரு பெயர் வருகிறது. பெரும்பாலும் அது குறும்புக்காரப் பிள்ளையின் பெயர், அல்லது வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணின் பெயர். பணம் பிறகு சட்டைப் பையிலேயே கிடைக்கும். சொன்ன சொல்லோ திரும்பி வராது. அந்தப் பெண் மறுநாள் வேறு வீடு தேடிப் போய்விடலாம்; நம் பிள்ளையால் எங்கே போக முடியும்? பழி சுமந்த வீட்டிலேயே, பழி சுமத்தியவர்களோடுதான் அது உண்டு உறங்கி வளர வேண்டும்.

ஆகவே இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு நிலாக் கதை ஒன்றைச் சொல்லுங்கள். அல்லது அவர்களையே ஒன்று எழுதச் சொல்லுங்கள். மூன்று கேள்விகளைத் தாளின் தலைப்பில் குறித்துக் கொடுங்கள். நீ கண்டது என்ன? நீ நினைத்துக்கொண்டது என்ன? நினைத்ததற்குச் சான்று எங்கே? கதைக்கு விடை கண்டுபிடித்த பிறகும் அந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டாம். வீட்டில் அடுத்த முறை ஏதேனும் காணாமற்போகும்போது, பெரியவர்கள் நாமும் அதை ஒருமுறை எடுத்துப் படிக்கலாம்.